முகப்பில் ஒரு பயாஃப்ரா

பயாஃப்ரா என்று ஒரு நாடு இருந்தது. ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் கிழக்குப் பக்கம். மூன்று வருஷம்கூட நிலைக்கவில்லை. அது இருந்த கடைசி மாதங்களில் காரைக்குடியில் அதற்கு இரண்டு குடிமக்கள் உண்டு. ஒருவர் அந்த மண்ணில் பிறந்த, இக்போ என்கிற ஜனத்தைச் சேர்ந்தவர். என் வீட்டுக்காரரிடம் என்ஜினீயரிங் படித்தவர். இன்னொருத்தி நான். தேசப்படத்தில் அந்த நாடு எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட எனக்கு முதலில் தெரியாது. ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் நியாயம் எந்தப் பக்கம் என்பது எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். பிறவியிலேயே அப்படி.

என் சொந்தச் சண்டையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் ‘வேறு வைப்பது’ என்று ஒரு முறை உண்டு. மாமியாரே நல்ல நாள் பார்ப்பார். அதே வீட்டுக்குள் மருமகளுக்குத் தனி அடுப்பு போட்டு, பாத்திர பண்டம், ஒரு வருஷத்துக்கு அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் எடுத்துக் கொடுத்து, "இனிமே உங்க சமையல் உங்களுக்கு" என்று வைத்துவிடுவார். இதில் கோபதாபம் கிடையாது. ஒரே கூரை, ஒரே வாசல், நல்லது பொல்லாததுக்கு ஒரே பந்தி. அடுப்பு மட்டும் வேறு. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. குடும்பம் உடைந்துபோச்சு என்று நினைத்துத் துக்கம் விசாரிக்க வருவார்கள்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் வேறு வைக்கவில்லை. வலையபட்டியில் வாக்கப்பட்ட என் சிநேகிதி ஒருத்தி ஆறே மாதத்தில் வேறு போய், எங்கே பார்த்தாலும் தன் அடுப்புப் புராணம் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரியும். அந்த வயதில் மற்ற பெண்கள் நகைக்கு ஏங்குவார்கள், நான் அடுப்புக்கு ஏங்கினேன். எனக்குக் காலையில் இரண்டாவது காப்பி வேண்டும். அந்த வீட்டில் இரண்டாவது காப்பி என்பது காய்ச்சல்காரர்களுக்கு மட்டும். ரசத்தில் பூண்டு தட்டிப் போட வேண்டும். மாமியாருக்குப் பூண்டு ஆகாது.

மாமியார் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டமே. கெட்ட மாமியாராக இருந்திருந்தால் ஊரே எனக்காகப் பரிந்து பேசியிருக்கும். அவருக்கு ஒரே மகன். உறவுக்காரர்கள் பேச்செடுத்தால், "இருக்கறதே நாலு பேரு. இதுக்கு ரெண்டு அடுப்பா?" என்பார். மாமனார் தலையாட்டுவார். என் வீட்டுக்காரர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

அறுபத்தொன்பதாம் வருஷக் கோடை விடுமுறையில் காலேஜ் விடுதியை மூடினார்கள். எல்லோரும் ஊருக்குப் போனார்கள். இந்த இக்போக்காரர் மட்டும் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். அவர் ஊருக்குப் போகிற வழியெல்லாம் சண்டை. தரையிலும் கடலிலும் சுற்றி வளைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பேசாமல் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து தெருப் பக்கத்து முகப்பு மாடி அறையைத் திறந்துவிட்டார். எங்கள் வீட்டில் ஆளில்லாத அறைகளுக்கா பஞ்சம்! பாதி அறைகளில் புறாக்கள்தான் குடித்தனம் செய்தன. விடுமுறை முடிந்த பிறகும் அவர் விடுதிக்குத் திரும்பவில்லை. மாமியார் விடவில்லை.

காரணம், அவர் சாப்பிட்ட சாப்பாடு. எங்கள் வீட்டுக் காரத்துக்கு மதுரைக்காரர்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இவர் முதல் நாளே மிளகாய்த் துவையலை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வடையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் ஊரில் தட்டைப்பயறை அரைத்து இதே மாதிரி சுடுவார்களாம், அதற்கு ‘அகாரா’ என்று பேராம். அவருடைய அம்மா விடிகாலையில் சுட்டுச் சந்தைக்குக் கொண்டுபோவாராம். அந்த அம்மாவைப் பற்றி இரண்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. அதை அவர் வடையைத் தின்றுகொண்டே சொன்னார். மாமியார் தட்டில் இன்னும் நாலு வடை வைத்தார்.

விடுதிப் பையன்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் சபையில் பேசக்கூடியது அல்ல. ஆகவே மாமியாரிடம் புதிதாகத் தமிழ் படித்தார். விளைவு, ஆறடிக்கு மேல் வளர்ந்த அந்த மனிதர் அச்சு அசலாக ஒரு வயதான ஆச்சி மாதிரி பேச ஆரம்பித்தார். தெருநாய் குரைத்தால்கூட, "ஏன் கத்துறீக? அங்குட்டுப் போங்க" என்பார். மாமியாரைப் பெரியாச்சி என்றும் என்னைச் சின்னாச்சி என்றும் கூப்பிட்டார். நான் அவரைத் தம்பி என்றேன். அவர் என்னைவிட மூத்தவர்தான். இருந்தாலும் வாத்தியார் பெண்டாட்டி என்ற பதவியை நான் விடுவதாக இல்லை.

மே மாதக் கடைசியில் அவருடைய நாட்டுக்குப் பிறந்த நாள் வந்தது. ஒரு கொடி தைத்துத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தையல் மிஷினில் உட்கார எனக்குச் சாக்கு வேண்டுமே! சிவப்புக்கு ஒரு ரவிக்கைத் துண்டு. கறுப்புக்கு மாமனாரின் பழைய குடைத்துணி. பச்சைக்குப் பாவாடைத் துணி. நடுவில் கதிர் விரித்து எழும் சூரியன். அதற்கு என் பட்டுப்புடவைக் கரையில் மிஞ்சிய மஞ்சள் துண்டைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அதை முகப்பு மாடி ஜன்னலில் கட்டினோம். காற்றில் அது படபடத்ததும் நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம். அவர் தன் நாட்டுப் பாட்டைப் பாடினார். எனக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நானும் கூடவே ஏதோ பாடினேன்.

சிவப்பு, கறுப்பு, உதயசூரியன். எங்கள் தெருவில் வேறு என்ன நினைப்பார்கள்? அப்போதுதான் ஆட்சியைப் பிடித்து இரண்டு வருஷமாகியிருந்த கட்சியின் கொடி கறுப்பு சிவப்பு, சின்னம் உதயசூரியன். என் மாமனாரோ தோற்றுப்போன கட்சிக்காரர், நூல் நூற்றுக் கதர் கட்டியவர். தேர்தலுக்குப் பிறகு இழவு வீட்டுக்காரர் மாதிரிதான் நடமாடிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாடியில் சூரியன் உதித்தால் சும்மா இருப்பார்களா? பத்து மணிக்குள் கட்சிக்காரர்கள் மாலையும் சோடாவுமாக வந்துவிட்டார்கள்.

"செட்டியார் மனசு மாறிட்டாகளாமே!" என்றார் முன்னால் வந்தவர். அதற்குள் மாடியிலிருந்து நம் இக்போக்காரர் இறங்கி வந்து, "வாங்க, வாங்க. உக்காருங்க. என்ன சாப்பிடுறீக?" என்று கேட்டார். அவர்கள் மாலையும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"அண்ணே, ஆப்பிரிக்காவுலயும் நம்ம கட்சிதானா?"

"எங்க நாட்டுக் கொடிங்க இது."

"சிவப்பு, கறுப்பு, சூரியன் எல்லாம் சரி. இந்தப் பச்சை எதுக்கு?" என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். பக்கத்தில் நின்றவர் அவரை முழங்கையால் இடித்து, "அது கூட்டணிய்யா. தேர்தல்ல நம்மளோட பச்சைக் கொடிக்காரவுக நிக்கலையா? அங்கேயும் அப்படித்தான்" என்று விளக்கிவிட்டார். மாலை இக்போக்காரரின் கழுத்தில் ஏறியது. மானகிரியில் அடுத்த கூட்டத்தில் அவர் பேச வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். நான் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

மாமனார் வெளியே போயிருந்தவர் திரும்பி வந்து தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். தன் குடைத்துணியை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"தம்பி, உங்க ஊருல என்னதான் பிரச்சினை? எனக்கு விவரமாச் சொல்லுங்க."

இக்போக்காரர் சாதத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சொன்னார். வெள்ளைக்காரன் பல ஜனங்களை ஒன்றாகக் கட்டி ஒரு நாடு என்று பேர் வைத்துவிட்டுப் போனான். இக்போக்காரர்கள் பிழைப்புக்காக வடக்கே போய்க் கடை வைத்தார்கள், உத்தியோகம் பார்த்தார்கள். அங்கே ஒரு வருஷம் அவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். மிச்சமானவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிழக்கே ஓடி வந்தார்கள். எங்களைப் பாதுகாக்க முடியாதென்றால் எங்களை விட்டுவிடுங்கள், நாங்கள் தனியாக இருந்துகொள்கிறோம் என்றார்கள். முடியாது என்று பட்டாளத்தை அனுப்பினார்கள்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து நடந்தே திரும்பி வந்த கூட்டத்தில் மாமனாரும் ஒருவர். ஓடி வந்தவர்கள் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் முதலில் பேசியது மாமியார்தான்.

"அப்ப வேறு வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கீக" என்றார்.

நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மோர் டம்ளரைத் தாண்டி வழிந்தது.

"கேட்டா வச்சுட வேண்டியதுதானே?" என்று மாமியார் தொடர்ந்தார். "ஒரே வீட்டுக்குள்ள தனி அடுப்பு. நல்லது பொல்லாததுக்கு ஒண்ணாச் சேந்துக்கலாம். இதுக்குப் போயி யாராச்சும் வெட்டிக்கிருவாகளா? புத்தி வேணாம்?"

வேறு வைப்பது என்றால் என்ன என்று இக்போக்காரர் கேட்டார். நான் விளக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஆசையாக எதையும் விளக்கியதில்லை. அரிசி பருப்பிலிருந்து அஞ்சறைப் பெட்டி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இதுக்கு எங்க ஊருல விமானத்துலருந்து குண்டு போடுறாக, பெரியாச்சி" என்றார். பிறகு, சத்தியமாகக் கள்ளங்கபடம் இல்லாமல், என்னைக் காட்டி மாமியாரிடம் கேட்டார்:

"இவுகளை எப்ப வேறு வச்சீக?"

வீட்டுக்காரர் மோரை முழு டம்ளர் ஒரே மூச்சில் குடித்தார். மாமனார் உத்தரத்தைப் பார்த்தார். "அவ கேக்கவே இல்லையே" என்றார் மாமியார்.

"கேக்குறேன் அயித்தை!" என்றேன் நான். கையிலிருந்த மோர் ஏனத்தைக் கீழே வைக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

"இப்ப என்ன அவசரம்? ரசத்தை ஊத்து."

மோருக்குப் பிறகு ரசம் கேட்டாரென்றால் அவர் எவ்வளவு தடுமாறியிருப்பார் என்று பாருங்கள்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேரின் போராட்டமும் ஒன்றாகிவிட்டது. காலையில் மாமனாரின் பெரிய ரேடியோவில் லண்டன் செய்தி கேட்போம். "கிழக்கே எப்படி?" என்று நான் கேட்பேன். "தாங்கி நிக்கிறோம். வளவுக்குள்ள எப்படி?" என்று, எங்கள் வீட்டு நடு முற்றத்தைச் சொல்லி, அவர் கேட்பார். ஆப்பிரிக்காவில் ஒரு சில நாடுகள் பயாஃப்ராவை அங்கீகரித்திருந்தன. என் அடுப்பை ஒருவரும் அங்கீகரிக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் ஆதரவு கேட்டதற்கு, "நான் அணிசேரா நாடு" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் நானும் இக்போக்காரரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். என் அடுப்பு எரியத் தொடங்கிய அன்று பயாஃப்ரா அதை அங்கீகரிக்கும், அதே நிமிஷம் என் அடுப்பு பயாஃப்ராவை அங்கீகரிக்கும். இதற்குச் சாட்சியாக வெற்றிலை பாக்குப் போட்டோம். அவர் ஊரில் விருந்தாளிக்குக் கோலா என்று ஒரு கொட்டையை உடைத்துக் கொடுப்பார்களாம். பாக்கை மென்றுவிட்டு, அதற்கு இது சித்தப்பா பிள்ளை என்றார்.

நான் ஆட்டத்தில் ரொம்பத்தான் மிதந்தேன். ஒருநாள், "நம்ம ரெண்டு பேரு சண்டையும் ஒண்ணுதான் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"உங்க சண்டையில யாரும் சாகல, சின்னாச்சி. அதான் எனக்கு அதைப் பாக்கப் பிடிச்சிருக்கு" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் சண்டையை விடவில்லை. அவரே விடக்கூடாது என்றார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஒரு வாரப் பத்திரிகை வந்தது. அதில் அவருடைய ஊர்க் குழந்தைகளின் படங்கள் இருந்தன. ஊதிய வயிறு, குச்சிக் கை கால், முகத்தில் கண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அது மாமியார் கைக்குப் போய்விட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுக என்ன சீக்கு?"

"சீக்கு இல்லை அயித்தை. பசி. வெளியிலருந்து சாப்பாடு போகாம மறிச்சிருக்காக."

"யாரு?"

"அவுக நாட்டு சர்க்காருதான். வேறு போறோம்னு சொன்னதுக்கு."

மாமியார் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. வேறு வைக்கிறபோது ஒரு வருஷத்துச் சாப்பாட்டை எடுத்துக் கொடுத்துத்தான் வைப்போம், அதுதான் அவர் அறிந்த முறை. கேட்டவனுக்குச் சோற்றை நிறுத்துவது என்பது அவருக்கு விளங்கவே இல்லை. மறுநாள் காலையில் அடுப்படியில் என்னைக் கூப்பிட்டார்.

"தை பிறக்கட்டும், நாள் பாக்கச் சொல்லிருக்கேன். ஒன்னைய வேறு வச்சுர்றேன்" என்றார். பிறகு புகையைப் பார்த்துக்கொண்டே, "நானும் அவுக மாதிரி ஆயிரக்கூடாதுல்ல" என்றார்.

நான் வளவில் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் ஓடினேன். முகப்பு மாடிக்குப் போய்ச் செய்தி சொன்னதும் இக்போக்காரர் என்னைவிட அதிகமாகக் குதித்தார், புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறந்துவிட்டன. "முதல் வெற்றி!" என்றார். அந்த இரண்டு மாதமும் நான் தரையில் கால் பாவி நடக்கவில்லை. பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் முகத்தை நானே பார்த்துக்கொண்டேன். பூண்டு ஒரு கொத்து வாங்கி ஒளித்து வைத்தேன்.

பொங்கலுக்கு முன்னால் செய்தி வந்தது. பயாஃப்ராவின் தலைவர் நாட்டை விட்டுப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர்கள் சண்டையை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான். ரேடியோவில் அதைச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். இக்போக்காரர் எழுந்து ரேடியோவை அணைத்தார். மாடிக்குப் போய்க் கொடியை அவிழ்த்து மடித்து வைத்தார். பொங்கலன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், எல்லோரையும் மரியாதையாக விசாரித்தார், ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை.

"என் நாளைத் தள்ளிப் போடுங்க அயித்தை" என்று நானே போய்க் கேட்டேன். அந்த நேரத்தில் அடுப்பாவது ஒன்றாவது என்றிருந்தது எனக்கு.

"நாள் பாத்தாச்சு" என்றார்.

பொங்கல் கழிந்த அந்த நல்ல நாளில், காலை வெயில் வளவில் விழுகிற நேரத்தில், மாமியார் எனக்கு அடுப்பு வைத்தார். பாத்திரங்கள், மூட்டைகள் எல்லாம் முறைப்படி. பால் பொங்கி வழிந்தது. ஆசைப்பட்டுக் காத்திருந்த நிமிஷம்தான், சந்தோஷம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பந்தப்படி அந்த நிமிஷம் என் அடுப்பு பயாஃப்ராவை அங்கீகரித்திருக்க வேண்டும். அங்கீகரிக்க அங்கே நாடு இல்லை. நான் அழுதுவிட்டேன்.

அப்போது மாமியார் பத்தாயத்துக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு அடுப்பைத் தூக்கினார். சின்ன அடுப்பு, புதுசு. அதன் பக்கத்தில் இன்னொரு வரிசைப் பாத்திரமும் அரிசியும் பருப்பும் மிளகாயும் தனியாக எடுத்து வைத்திருந்தது.

"அது எங்குட்டு அயித்தை?"

"முகப்புக்கு. நீ விளக்கை எடுத்துக்கிட்டு வா."

மாமனாருக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "கல்யாணமாகாதவுகளுக்கு வேறு வைக்கிற வழக்கம் நம்மகிட்ட இல்லையே" என்றார்.

"சோத்தை நிறுத்துற வழக்கம் மட்டும் இருக்காக்கும்? அந்த அரிசியைத் தூக்குங்க."

கதர்ச் சட்டையோடு மாமனார் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றினார். என் வீட்டுக்காரர் பாத்திரங்களைத் தூக்கினார், அணிசேராமை அன்றோடு முடிந்தது. ஊர்வலமாகப் போனோம். அழுத முகத்தோடு விளக்கைப் பிடித்துக்கொண்டு போன எனக்கு, முன்னால் மூட்டை ஆடிக்கொண்டு போவதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

இக்போக்காரர் அறை வாசலில் வந்து நின்றார். மாமியார் கிழக்குப் பார்த்து அடுப்பை வைத்தார்.

"அங்குட்டு வைக்க மாட்டேன்னுட்டாக. இங்குட்டு நாங்க வச்சுட்டோம். பத்த வைங்க."

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாடே போச்சே பெரியாச்சி. இனிமே எனக்கு அடுப்பு எதுக்கு?"

"மத்தியானம் பசிக்கும்ல?" என்றார் மாமியார்.

அவர் உட்கார்ந்து பற்ற வைத்தார். குச்சி இரண்டு தரம் அணைந்தது. பால் பொங்கியதும் மாமியார் குலவையிட்டார், நானும் சேர்ந்துகொண்டேன்.

சாயங்காலம் எங்கள் எல்லோரையும் விருந்துக்குக் கூப்பிட்டார். தட்டைப்பயறை ஊறவைத்து அவரே அம்மியில் அரைத்திருந்தார். அவருடைய அம்மா சுடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதான், அவர் தானாகச் சுட்டதில்லை. எண்ணெயில் போட்டதும் பாதி பிரிந்து உதிர்ந்தது. மீதி கருகியது. உருண்டையாக வந்தது ஒன்றோ இரண்டோதான்.

கரண்டியைப் பிடித்துக்கொண்டு சட்டியையே பார்த்தவர், அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.

"எங்க ஆத்தா பாத்தா சிரிப்பாக" என்றார்.

அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. மாமியார் தட்டை நீட்டினார்.

"சிரிக்கட்டும். எனக்கு இன்னும் ரெண்டு போடுங்க."